பாட்டுப்பொட்டிக்கு வாயும் வேணும், காதும் வேணும்

ஒரு பாட்டுப்பொட்டி நல்லதா கெட்டதா என்று சொல்வதற்குக் கடைக்காரன் ஒரு கணக்கு வைத்திருக்கிறான். எத்தனை ஜிபி, எத்தனை மணி நேரம் சார்ஜ் நிற்கும், என்ன விலை, எத்தனை மாசம் வாரண்டி. இந்தக் கணக்கில் தப்பு இல்லை. காசு போடுகிறவன் கேட்கத்தான் வேண்டும். ஆனால் சேரிக்குள் வந்த ஒரு பாட்டுப்பொட்டி என்ன செய்தது, என்ன செய்யாமல் விட்டது என்று பார்க்க இந்தக் கணக்கு பத்தாது. அதற்கு வேறு மூன்று கேள்வி இருக்கிறது. அதுக்கு வாய் இருக்கா? அதாவது பத்துப் பேர் சுத்தி உக்காந்து கேட்க ஸ்பீக்கர் இருக்கா? அதுக்குக் காது இருக்கா? நாம பாடுறத, பேசுறதப் பிடிச்சுக்குமா? மூணாவது, அதுக்கு நினைவு இருக்கா? பத்து வருசம் கழிச்சுக் கேட்டா திருப்பிச் சொல்லுமா?

பாட்டும் வாக்குமூலமும் சேகரிக்கக் கிளம்புகிற பிள்ளைகள் “எந்த பிளேயர் வாங்கலாம் தோழர்?” என்று என்னிடம் கேட்கிறார்கள். பேர் சொல்லி ஒன்றைக் காட்டிவிட என்னால் முடியாது. முப்பத்தஞ்சு வருசத்துக்கு மேலாக மூன்று விதமான பொட்டிகளோடு புழங்கியிருக்கிறேன். கேசட் போடுகிற டேப்ரெக்கார்டர், காதில் மாட்டுகிற வாக்மேன், மெமரி கார்டு செருகுகிற பிளேயர். மூன்றையும் தராசில் வைத்துப் பார்க்கிறேன். நிறுத்துக் கொள்வது உங்கள் வேலை.

எங்கள் வீட்டுக்கு டேப்ரெக்கார்டர் வந்தது 1988இல். அப்போது எங்கள் ஊர் தென்னார்க்காடு மாவட்டத்தில் இருந்தது. மெட்ராசில் சித்தாள் வேலைக்குப் போன அண்ணன் பர்மா பஜாரில் எழுநூறு ரூபாய் கொடுத்து வாங்கிக்கொண்டு வந்தார். ரேடியோவும் கேசட்டும் சேர்ந்தது, டூ-இன்-ஒன் என்பார்கள். எங்க அம்மாவுக்கு அன்றைக்கு நாத்து நட்டால் எட்டு ரூபாய் கூலி. எண்பத்தெட்டு நாள் குனிந்து நிமிர்ந்தால் ஒரு பாட்டுப்பொட்டி. “இந்தக் காசுல ஒரு கன்னுக்குட்டி புடிச்சிருக்கலாமேடா” என்று அம்மா திட்டியது. ரெண்டு நாள்தான் திட்டியது. மூன்றாம் நாள் பொட்டியை வாசலில் வைத்து, மேலே மஞ்சள் துணி ஒன்றைப் போர்த்தியது.

கேசட் என்பதை ஹாலந்து நாட்டு பிலிப்ஸ் கம்பெனி 1963இல் கொண்டுவந்தது. அதற்கு முன்னால் பாட்டு என்றால் இசைத்தட்டு. தட்டு போடுகிற பெட்டி ஊர்ப் பெரிய வீட்டில்தான் இருக்கும். இந்தியாவில் இசைத்தட்டு பெரும்பாலும் ஒரே கம்பெனியின் கையில் இருந்தது. எச்.எம்.வி. பேரில் தட்டு போட்ட கிராமபோன் கம்பெனி. எது பாட்டு, எவன் குரல் குரல் என்பதை அவர்கள் முடிவு செய்தார்கள். கேசட் வந்ததும் அந்தப் பிடி தளர்ந்தது. மலிவான செலவில் யார் வேண்டுமானாலும் பதிவு செய்யலாம், நகல் போடலாம், சின்ன ஊரில் விற்கலாம் என்று ஆனது. வட இந்தியாவில் இது எப்படி நடந்தது என்பதைப் பீட்டர் மானுவல் என்ற அமெரிக்க ஆய்வாளர் 1993இல் புத்தகமாகவே எழுதினார். இங்கே மதுரை அரசரடி இறையியல் கல்லூரியில் பாடம் சொன்ன தியோபிலஸ் அப்பாவு, நம்ம சனம் ‘பரட்டை அண்ணன்’ என்று கூப்பிட்டவர், கிராமத்து மெட்டில் கட்டிய பாட்டுகள் கேசட்டில் ஏறி ஊர் ஊராகப் போயின. பியானோவுக்கும் கீர்த்தனைக்கும் பழகிய கோயிலுக்குள் எங்க மெட்டு போனதில் கேசட்டுக்கும் ஒரு பங்கு உண்டு.

எங்கள் தெருவில் டேப் போட்டால் தனியாகக் கேட்பது என்பதே கிடையாது. சாயங்காலம் வேலை விட்டு வந்த சனம் வந்து உட்காரும். டவுனில் ரெக்கார்டிங் சென்டர் இருந்தது. வேண்டிய பாட்டுகளைத் தாளில் எழுதிக் கொடுத்து, வெறும் கேசட்டும் கொடுத்தால் ரெண்டு நாளில் பதிந்து தருவான். அந்தத் தாளை எழுதுவதற்கே சண்டை நடக்கும். ஆளுக்கு ஒரு பாட்டு. எங்க ஆயாவுக்கு ஒரு பாட்டு, மாடு மேய்க்கிற பையனுக்கு ஒரு பாட்டு. எழுதப் படிக்கத் தெரியாத சனம் எழுதிய முதல் பட்டியல் அதுவாகத்தான் இருக்கும்.

ஒருநாள் அண்ணன் அந்தப் பொட்டியைச் சைக்கிள் கேரியரில் கட்டி, பாட்டு ஓடிக்கொண்டிருக்க, ஊர்த் தெரு வழியாக வந்தார். டீக்கடை பெஞ்சில் இருந்த ஒரு ஆள் எழுந்து வந்து கேரியரைப் பிடித்து நிறுத்தினான்.

“என்னாடா, பொட்டிய அலறவுட்டுக்கினு போற? இது என்னா ஒங்க சேரியா?”

அண்ணன் பாட்டை நிறுத்தவில்லை. சைக்கிளையும் விட்டு இறங்கவில்லை. அதற்காக அன்று ராத்திரி பஞ்சாயத்து கூடியது. ஐம்பது ரூபாய் அபராதம். என்ன குற்றம் என்று கேட்டதற்குச் ‘சத்தம்’ என்றார்கள்.

அந்தச் சொல்லைத்தான் இன்றைக்கும் யோசிக்கிறேன். அதே ஊரில் ஒரு சாவு விழுந்தால் விடியற்காலை நாலு மணிக்கு ஆள் அனுப்பிப் பறையடிக்கக் கூப்பிடுவார்கள். எங்க பெரியப்பா பறையைத் தீயில் காய்ச்சி அடித்தால் மூன்று ஊருக்குக் கேட்கும். அது அவர்களுக்குச் சத்தம் இல்லை, கடமை. சம்பளம் இல்லாத கடமை. மாரடித்து அழ எங்க பொம்பளைகளையும் கூப்பிடுவார்கள். அதுவும் சத்தம் இல்லை. எங்க கையால் அடிக்கிற பறை அவர்களுக்கு வேண்டும், எங்க தொண்டையில் வருகிற ஒப்பாரி வேண்டும். எங்க காசில் வாங்கின பொட்டி எங்களுக்காகப் பாடினால் மட்டும் சத்தம். செருப்பு, தோள்துண்டு, சைக்கிள் வரிசையில் பாட்டுப்பொட்டியும் சேர்ந்தது. ஆகவே டேப்ரெக்கார்டரின் முதல் பலம் என்று நான் எழுதுவது அதன் வாயைத்தான். அதற்கு ஒரு வாய் இருந்தது. அந்த வாய் ஊருக்குக் கேட்டது.

இரண்டாவது பலம் அதன் காது. முன்பக்கம் ஒரு சிவப்புப் பொத்தான், பக்கத்தில் கடுகு அளவுக்கு ஒரு ஓட்டை. அந்த ஓட்டைதான் மைக். ரெண்டு பொத்தானைச் சேர்த்து அமுக்கினால் பதிவாகும். 1989 மார்கழியில் எங்க பெரியம்மாவை உட்கார வைத்து ஒப்பாரி பாடச் சொன்னோம். “சாவு இல்லாம எப்படிடா அழுவுறது?” என்று கேட்டது. அப்புறம் செத்துப்போன தன் பிள்ளையை நினைத்துக்கொண்டு ஆரம்பித்தது. கேசட் அறுபது நிமிசக் கேசட். ஒரு பக்கம் முப்பது. முப்பதாவது நிமிசம் ‘டக்’ என்று பொத்தான் எகிறிக்கொண்டது. பெரியம்மா நிறுத்தவில்லை. நாங்கள் கேசட்டைத் திருப்பிப் போடுவதற்குள் ரெண்டு மூன்று அடி போயே போய்விட்டது. அந்த அடிகள் எங்கேயும் இல்லை. ஒப்பாரி ஒருமுறை போல் இன்னொரு முறை வராது. திருப்பிக் கேட்டாலும் வேறாகத்தான் வரும். கேசட்டின் குறையை எழுதுவதானால் இந்த ‘டக்’கைத்தான் முதலில் எழுத வேண்டும். எங்க துக்கத்தை முப்பது நிமிசமாக வெட்டினது.

வேறு குறைகளும் உண்டு. விலை குறைந்த பொட்டியில் சத்தத்தைத் தானாகவே ஏற்றி இறக்குகிற ஒரு அமைப்பு இருக்கும. சத்தம் குறைந்தால் மைக்கின் கூர்மையைக் கூட்டும், பெரிதானால் குறைக்கும். பேச்சுக்கு இது நல்லது. பறைக்கு ஆகாது. ஒரு அடி விழுந்ததும் பொட்டி மிரண்டு எல்லாவற்றையும் அமுக்கிவிடும். பாடுகிறவள் குரல் கிணற்றுக்குள் போய்விடும். அடி ஓய்ந்தால் மெல்ல மேலே வரும். பாடுகிறவர் வாய்க்குப் பக்கத்தில் பொட்டியை வைத்து, பறையைப் பத்துப் பதினைந்து அடி தள்ளி நிற்க வைத்தால் ஓரளவு சரியாகும். பேட்டரிக் கட்டை இறங்கினால் பாட்டு இழுக்கும், பெண் குரல் ஆண் குரலாகிவிடும். மழைக்காலத்தில் நாடாவில் பூஞ்சை பிடிக்கும். உருளையில் நாடா சிக்கினால் பென்சிலை விட்டுச் சுற்றியெடுக்க வேண்டும். நகலுக்கு நகல் போட்டால் இரைச்சல் ஏறும். தொண்ணூறுகளில் இயக்கக் கூட்டத்துப் பேச்சுகள் கேசட்டாகத்தான் சேரி சேரியாகப் போயின. எங்கள் கைக்கு வரும்போது அது எத்தனையாவது நகலோ, பேசுகிறவர் மழைக்குள் நின்று பேசுவது போல இருக்கும். இருந்தும் ஒரு சொல் விடாமல் கேட்டோம்.

கேசட்டின் முதுகில் இரண்டு சின்னப் பிளாஸ்டிக் பல் இருக்கும். அதை உடைத்துவிட்டால் மேலே வேறு எதையும் பதிய முடியாது. பெரியம்மா கேசட்டில் அந்தப் பல்லை உடைத்தோம். ஒரு பெண் தன் வீடு கொளுத்தப்பட்ட கதையைச் சொல்லும்போதும், அடிபட்டவர் பேர் பேராகச் சொல்லும்போதும், உண்மை அறியப் போன தோழர்கள் பதிவு முடிந்த கையோடு அந்தப் பல்லை உடைத்துவிடுவார்கள். இனி இதை அழிக்க முடியாது என்று கண்ணெதிரே காட்டுகிற செயல் அது. சொன்னவளுக்கும் அது புரியும். அந்த இடத்தில் ஓட்டுத்தாள் ஒட்டினால் மறுபடியும் பதியலாம் என்பதும் உண்மைதான். ஆனால் அதற்கு ஒருவன் வேண்டுமென்றே ஒட்ட வேண்டும். கை தவறி அழியாது. இவ்வளவு எளிய பாதுகாப்பு பின்னால் வந்த எந்தப் பொட்டியிலும் நான் பார்க்கவில்லை.

பெரியம்மா 1996 ஐப்பசியில் செத்தது. ஊருக்கெல்லாம் அழுதவளுக்கு யார் அழுவது? எங்கள் பொம்பளைகள் பிணத்தைச் சுற்றி உட்கார்ந்தார்களே தவிர யாருக்கும் வாய் வரவில்லை. முதல் அடியை எப்பவும் எடுத்துக் கொடுத்தது பெரியம்மாதான். அண்ணன் பொட்டியைக் கொண்டுவந்து கால்மாட்டில் வைத்து அந்தக் கேசட்டைப் போட்டார். செத்தவள் குரல் தன் பிள்ளைக்காக அழுதது. கொஞ்ச நேரம் யாரும் அசையவில்லை. அப்புறம் எங்க சின்னம்மா அந்தக் குரலோடு சேர்ந்தது. அப்புறம் இன்னொருத்தி. பாதியில் கட்டை இறங்கிக் குரல் இழுக்க ஆரம்பித்தது. மூன்று வீட்டு டார்ச் லைட்டைக் கழற்றி அதிலிருந்த கட்டையைப் போட்டோம். அன்று ராத்திரி மூன்று வீட்டில் டார்ச் இல்லை. முப்பது நிமிசத்தில் ‘டக்’ என்று நின்றபோது பொட்டியை யாரும் பார்க்கவில்லை. பொம்பளைகள் பாடிக்கொண்டே போனார்கள். பொட்டி விட்ட இடத்தை அவர்களே நிரப்பினார்கள்.

வாக்மேன் வேறு மாதிரிப் பொட்டி. ஜப்பானின் சோனி கம்பெனி அதை 1979 ஜூலை 1ஆம் தேதி விற்பனைக்கு விட்டது. அது பிறந்த விதத்தைக் கவனியுங்கள். அதற்கு முன்னால் அவர்களிடம் ‘பிரஸ்மேன்’ என்று ஒரு சின்ன டேப்ரெக்கார்டர் இருந்தது. பத்திரிகைக்காரர்கள் பேட்டி எடுக்க உண்டாக்கியது. அதிலிருந்து பதிவு செய்கிற வசதியை எடுத்தார்கள். ஸ்பீக்கரை எடுத்தார்கள். ஸ்டீரியோவாகக் கேட்கும்படி செய்து, காதில் மாட்டுகிற ஹெட்போனைக் கொடுத்தார்கள். வாயையும் காதையும் வெட்டியெடுத்த பிறகு மிஞ்சியதுதான் வாக்மேன். உலகம் முழுக்க அது கோடிக்கணக்கில் விற்றது. நடந்துகொண்டே, ஓடிக்கொண்டே, யாரையும் தொந்தரவு செய்யாமல், யாராலும் தொந்தரவு செய்யப்படாமல் கேட்கலாம். தனி மனிதனுக்கு அது ஒரு விடுதலைதான்.

முதல் வாக்மேனில் இரண்டு பேர் கேட்க இரண்டு ஹெட்போன் துளை இருந்தது. கேட்டுக்கொண்டே ஒருத்தரோடு ஒருத்தர் பேசிக்கொள்ள ஆரஞ்சு நிறத்தில் ஒரு பொத்தானும் இருந்தது. கம்பெனியின் தலைவர் அகியோ மொரிடா வீட்டில் வைத்து அதைக் கேட்டபோது, தன்னை ஒதுக்கிவிட்டது போல மனைவிக்கு வருத்தமாகிவிட்டது, அதனால்தான் இரண்டு துளை வைத்தோம் என்று 1986இல் வந்த தன் நூலில் சொல்கிறார். பின்னால் வந்த மாடல்களில் அந்தப் பொத்தான் போனது. இரண்டாவது துளையும் பெரும்பாலும் போய்விட்டது. ஒருத்தர் கேட்டால் போதும் என்று ஆகிவிட்டது.

1992இல் நாட்டார் வழக்காறு படிக்கிற ஒரு மாணவர் பெரியம்மாவைத் தேடி வந்தார். கையில் வாக்மேன் மாதிரியே ஒரு சின்னப் பொட்டி. பதிவு செய்யும், ஸ்பீக்கர் கிடையாது. பெரியம்மா முக்கால் மணி நேரம் பாடியது. தெருப் பொம்பளைகள் சுற்றி நின்று கூடவே இழுத்தார்கள். முடிந்ததும், “எனக்குப் போட்டுக் காட்டு சாமி” என்று பெரியம்மா கேட்டது. “நான் சாமி இல்லம்மா” என்று சொல்லிவிட்டு ஹெட்போனைக் கழற்றிப் பெரியம்மா தலையில் மாட்டினார். பெரியம்மா முகம் மாறியது. “ஏண்டி, எங்கொரலு எனக்கே பயமா இருக்குதுடி!” என்று தன் சத்தம் தனக்குத் தெரியாமல் கத்தியது. சுற்றி நின்றவர்களுக்கு ஒன்றும் கேட்கவில்லை. பெரியம்மாவின் வாயையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். கடைசியில் ஒருத்தி சொன்னாள்: “நாங்களுந்தான பாடனோம். நீ மட்டும் கேட்டா, நாங்க எதுக்குடி இங்க நிக்கிறோம்?”

அந்த மாணவர் நல்ல மனுசன். எங்கள் வீட்டில் சாப்பிட்டார். மூன்று மாசத்தில் தபாலில் நகல் கேசட்டும் அனுப்பினார். தப்பு அவர் மேல் இல்லை. பொட்டியின் அமைப்பு அப்படி. பத்துப் பேர் சேர்ந்து செய்ததை ஒருத்தர் காதுக்குள் மட்டும் திருப்பிக் கொடுக்கிற அமைப்பு.

அதற்காக வாக்மேன் நமக்கு ஆகாத பொருள் என்று தீர்ப்புச் சொல்ல மாட்டேன். 1993இல் எனக்கும் ஒன்று கிடைத்தது, பேர் தெரியாத கம்பெனி. நான் அப்போது ஆதிதிராவிடர் நல விடுதியில் இருந்தேன். ஒரு அறையில் பதினெட்டுப் பேர். தகரப்பெட்டிக்கும் தகரப்பெட்டிக்கும் நடுவில் பாய். அந்தக் கூச்சலில் தனக்கென்று ஒரு இடம் என்றால் அது ரெண்டு காதுக்கு நடுவில்தான். ஆங்கிலப் பாடக் கேசட்டை அதில் கேட்டுத்தான் உச்சரிப்பைப் பழகினேன். தனிமை என்பது வசதி உள்ளவனுக்குச் சலிப்பாக இருக்கலாம். எங்களுக்கு அது கிடைக்காத பொருள்.

ஊருக்குப் போகும்போது அதே டீக்கடை வழியாக, காதில் மாட்டிக்கொண்டே நடந்து போவேன். உள்ளே இயக்கத் தலைவர் ஒருவரின் பேச்சு ஓடும். அவன் தெருவில், அவன் கடை முன்னால், என் காதுக்குள் ஆயிரம் பேர் கைதட்டுவார்கள். யாரும் கேரியரைப் பிடித்து நிறுத்தவில்லை. அபராதம் இல்லை. அந்தச் சந்தோசம் பொய் இல்லை. ஆனால் அண்ணன் சைக்கிளில் போனபோது ஊருக்கு ஒரு செய்தி கேட்டது. நான் நடந்து போனபோது ஊருக்கு ஒன்றும் கேட்கவில்லை. எனக்கு அடி விழாமல் பார்த்துக்கொண்ட அதே கம்பி, அவர்களுக்கும் என் சத்தத்திலிருந்து விடுதலை கொடுத்துவிட்டது. ஹெட்போன் ரெண்டு பக்கமும் வேலை செய்கிறது.

இது பழங்கதை இல்லை. 2015 மே மாசம் மகாராஷ்டிராவில், ஷீரடியில், 21 வயது தலித் நர்சிங் மாணவர் ஒருவரின் போன் ஒலித்தது. ரிங்டோன் அம்பேத்கரைப் பற்றிய பாட்டு. அதை நிறுத்தச் சொல்லித் தகராறு செய்த கும்பல் அவரைத் தூக்கிக்கொண்டு போய்க் கொன்றது. ஒரு பாட்டின் சில நொடிகள், சட்டைப்பைக்குள்ளிருந்து வந்த சின்னச் சத்தம். ஆகவே ‘ஸ்பீக்கரில் போடு, பயப்படாதே’ என்று எந்தப் பிள்ளைக்கும் நான் உபதேசம் செய்ய மாட்டேன். ஸ்பீக்கரா ஹெட்போனா என்பது கடைக்காரனுக்கு வசதி பற்றிய கேள்வி. நமக்கு உயிர் பற்றிய கேள்வி. எந்தத் தெருவில் நிற்கிறோம் என்பதைப் பொறுத்துத்தான் அதற்குப் பதில் சொல்ல முடியும். பொட்டியில் ரெண்டும் இருக்கட்டும். எதை எப்போது என்று முடிவு செய்கிற உரிமை கேட்கிறவனிடம் இருக்கட்டும்.

மூன்றாவது, மெமரி கார்டு பிளேயர். ஆப்பிள் கம்பெனி 2001 அக்டோபரில் ஐபாடைக் கொண்டுவந்து, சட்டைப்பையில் ஆயிரம் பாட்டு என்று விளம்பரம் செய்தது. அமெரிக்காவில் அதன் விலை 399 டாலர். அது எங்கள் தெருப்பக்கம் வரவேயில்லை. 2022இல் ஐபாடையே நிறுத்தியும் விட்டார்கள். எங்களுக்கு வந்தது சீனாவில் செய்த, செங்கல் பாதி அளவுள்ள பொட்டி. முன்னால் ஸ்பீக்கர், பக்கத்தில் கார்டு செருகும் துளை, எஃப்.எம். ரேடியோ, நாலு பொத்தான். முன்னூறு நானூறு ரூபாய். எங்க அத்தை நூறு நாள் வேலைக்கு ஏரிக்குப் போனபோது அதைத்தான் புடவையில் முடிந்துகொண்டு போனது. கரையில் வைத்துப் பாடவிட்டால் முப்பது பேருக்குக் கேட்கும். ஆக, வாக்மேன் பிடுங்கிக்கொண்ட வாயை இந்த மலிவுப் பொட்டி திருப்பிக் கொடுத்தது. அத்தைக்கு எழுத்துத் தெரியாது. தொடுதிரை போனில் விரல் எங்கேயோ பட்டு எங்கேயோ போய்விடுகிறது என்று எரிச்சல்படும். நாலு பொத்தான் விரலுக்குப் பழகிவிட்டது. இருட்டிலும் போடும்.

கொள்ளளவிலும் இதற்கு ஈடில்லை. சாதாரண எம்.பி.3 பதிவு நிமிசத்துக்கு ஏறக்குறைய ஒரு எம்.பி. இடம் பிடிக்கும். 4 ஜிபி கார்டில் சுமார் நாலாயிரம் நிமிசம், அதாவது அறுபத்தாறு மணி நேரம் அடங்கும். தொண்ணூறு நிமிசக் கேசட்டாக இருந்தால் நாற்பத்தி நாலு கேசட் வேண்டும். நகத்தளவுக் கார்டில் ஒரு தெருவின் கிழவிகள் அத்தனை பேரையும் வைத்துவிடலாம். முப்பதாவது நிமிசத்தில் ‘டக்’ என்று நிற்காது. நகல் எடுத்தால் இரைச்சல் ஏறாது. நூறாவது நகலும் முதல் நகல் போலவே இருக்கும்.

குறைகளைப் பார்ப்போம். எம்.பி.3 என்பது சுருக்குகிற வித்தை. காதுக்கு எடுபடாது என்று கணக்குப் போட்ட சத்தங்களைத் தூக்கி எறிந்துதான் கோப்பைச் சின்னதாக்குகிறது. ஜெர்மனியின் ஃபிரான்ஹோஃபர் நிறுவனத்தில் இதை உருவாக்கியவர்களில் ஒருவரான கார்ல்ஹைன்ஸ் பிராண்டன்பர்க், சூசன் வேகா என்ற அமெரிக்கப் பாடகி இசைக்கருவி இல்லாமல் பாடிய ஒரு பாட்டைத் திரும்பத் திரும்பக் கேட்டுத்தான் கணக்கைத் திருத்தினார். தனிக்குரலுக்கு அது ஓரளவு தேறிவிட்டது. சடாரென்று விழுகிற அடிகள்தான் இந்த முறைக்குச் சிக்கல். ரொம்பச் சுருக்கினால் அடி விழுவதற்கு முன்னாலேயே ஒரு மங்கல் சத்தம் கேட்கும், அடியின் முனை மழுங்கிவிடும். பறையின் உயிரே அந்த முனையில்தான் இருக்கிறது. எனவே பறை பதிகிறவர்கள் இடத்துக்குக் கஞ்சத்தனம் பார்க்காதீர்கள். சுருக்காத ‘வேவ்’ கோப்பாகப் பதியுங்கள். எம்.பி.3யைக் கேட்பதற்கு மட்டும் வைத்துக்கொள்ளுங்கள்.

அதைவிடப் பெரிய குறை, மலிவான பிளேயர்களில் பலவற்றுக்குக் காது இல்லை. போடுவதைப் பாடும், நாம் பாடினால் கேட்காது. சிலவற்றில் பதிவு செய்கிற பொத்தான் இருக்கிறது, தரம் மட்டம். கடைசிக் குறை நினைவு. கேசட்டின் மேல் ஒரு தாள் இருந்தது. யார் பாடியது, எந்த ஊர், என்றைக்கு என்று எழுதி வைத்தோம். கார்டில் எழுத இடமில்லை. உள்ளே போனால் எண்கள்தான். அத்தை பிளேயரில் ‘ஆடியோ 0047’ என்று ஒரு பாட்டி பாடுகிறாள். யார் என்று யாருக்கும் தெரியவில்லை. குரல் இருக்கிறது, ஆள் இல்லை. ஒரு பொத்தானில் அத்தனையும் அழியும். உடைக்கிறதுக்குப் பல்லும் கிடையாது.

இதில் இன்னொரு ரகம் இருக்கிறது, உள்ளேயே பாட்டை அடைத்து விற்பது. 2017இல் வந்த ‘கார்வான்’ அப்படித்தான். ஐயாயிரம் பாட்டு, பழைய ரேடியோ தோற்றம். வயசானவர்களுக்குப் பிள்ளைகள் வாங்கிக் கொடுத்தார்கள், தமிழிலும் வந்தது. கேட்க இனிமை, கையாள எளிமை, ஸ்பீக்கரும் நல்ல ஸ்பீக்கர். இல்லையென்று சொல்லவில்லை. ஆனால் அதை விற்பது சரிகம கம்பெனி. பழைய கிராமபோன் கம்பெனிதான் பேர் மாறிச் சரிகம ஆனது. எது பாட்டு என்று அன்றைக்கு முடிவு செய்த அதே பெட்டகம், இப்போது கைப்பிடி வைத்து வருகிறது. பென்டிரைவ் செருகினால் நம்ம பாட்டையும் அது பாடும். ஆனால் அந்த ஐயாயிரத்துக்குள் ஒன்றை எடுத்துவிட்டுப் பெரியம்மாவை வைக்க முடியாது.

போன் இருக்கும்போது தனியாக எதற்குப் பிளேயர் என்று கேட்பார்கள். போனுக்கு வாயும் இருக்கிறது, காதும் இருக்கிறது. அவசரத்துக்கு அதுதான் கைகொடுக்கும். ஆனால் வீட்டில் ஒரு போன் என்றால் அது மகன் கையில் இருக்கிறது. பாதிப் பதிவில் அழைப்பு வருகிறது. இடம் பத்தவில்லை என்று எதையாவது அழிக்கச் சொல்கிறது. முதலில் அழிவது கல்யாண வீடியோ இல்லை, கிழவி பாட்டுத்தான். வாக்குமூலம் பதிகிற தோழர்களுக்கு இன்னொன்றும் சொல்ல வேண்டும். 2024 ஜூலை 1 முதல் நடப்பில் உள்ள பாரதிய சாட்சிய அதினியத்தின் 63ஆவது பிரிவுப்படி, மின்னணுப் பதிவின் நகலைக் கோர்ட்டில் கொடுத்தால் கூடவே சான்றிதழும் கொடுக்க வேண்டும். கோப்பின் ஹாஷ் எண்ணையும் அதில் குறிக்க வேண்டும். ஆகவே பதிவான கருவியையும் கார்டையும் அப்படியே எடுத்து வைத்துவிட வேண்டும். அதற்கு ஊரோடு பேசுகிற போனைவிட, பதிவுக்கென்றே வைத்த தனிப் பொட்டி மேல்.

கூட்டிக் கழித்தால் என் கணக்கு இப்படி வருகிறது. டேப்ரெக்கார்டருக்கு வாயும் காதும் இருந்தது, நினைவும் ஓரளவு இருந்தது. ஆயுசு குறைவு. வாக்மேன் தனிமையைக் கொடுத்தது, பாதுகாப்பைக் கொடுத்தது, கூட்டத்தைப் பிரித்தது. கார்டு பிளேயர் வாயைத் திருப்பிக் கொடுத்தது, ஏழைக்கு எட்டுகிற விலைக்கு வந்தது, பேரைத் தொலைத்தது. மூன்றில் ஒன்றும் முழுசு இல்லை. ஆனால் பலவீனம் என்று நான் எழுதியதில் பாதி பொட்டியைச் செய்தவன் வெட்டியது, வெட்டாமலும் இருந்திருக்கலாம். பிரஸ்மேனில் இருந்த மைக்கும் ஸ்பீக்கரும் தானாக உதிரவில்லை. வாங்குகிறவன் கேட்டால் போதும், அவன் பேசி யார் கேட்கப்போகிறார்கள் என்று நினைக்கிற இடத்தில்தான் மைக் செலவு மிச்சமாகிறது. நம்மைக் கேட்க மட்டும் வைப்பது இந்த நாட்டில் பழைய ஏற்பாடு. பொட்டியும் அதையே செய்தால் நமக்கு அதில் புதுசாக ஒன்றும் இல்லை.

அதனால் வாங்கப் போகிறவர்கள் விலை கேட்பதற்கு முன்னால் பதிவுப் பொத்தான் எங்கே என்று கேளுங்கள். அமுக்கி, உங்கள் பேரையும் ஊரையும் தேதியையும் சொல்லி, கடையிலேயே ஸ்பீக்கரில் திருப்பிப் போட்டுப் பாருங்கள். பதிவு செய்யும்போதும் பாடுகிறவர் வாயாலேயே அவர் பேரை முதலில் சொல்ல வையுங்கள், கார்டு தொலைக்கிற பேரைக் குரல் வைத்திருக்கும். பாடி முடித்ததும் அங்கேயே, கூடப் பாடினவர்கள் எல்லாருக்கும் கேட்கிற மாதிரி போட்டுக் காட்டுங்கள். அதற்கு அப்புறம்தான் எடுத்துக்கொண்டு கிளம்ப வேண்டும். நகல் மூன்று எடுங்கள். ஒன்று பாடியவர் வீட்டில், ஒன்று வேறு ஊரில், ஒன்று உங்களிடம். முதல் நகல் பாடியவர் வீட்டுக்கு.